சமையலறையை நாமே புதுப்பிப்பதா, ஆள் வைத்துச் செய்வதா?

மார்ச் 2, மாலை: வந்த கேள்வி

எங்கள் சமையலறை கட்டிப் பதினேழு வருடம் ஆகிறது. சிங்க்குக்கு அடியில் இருக்கும் அலமாரிக் கதவு உப்பிப்போய்ச் சாத்த வரவில்லை. அடுப்புக்குப் பின்னால் மூன்று டைல்ஸ் கழன்று விழுந்துவிட்டன. மேடை எனக்குத் தாழ்வு, அரை மணி நேரம் நின்றால் இடுப்பு வலிக்கிறது. மொத்தமாகப் புதுப்பிக்கலாம் என்று இரண்டு பேரிடம் விலை கேட்டோம். இரண்டிலும் பொருளுக்குச் சமமாகக் கூலி நிற்கிறது. என் தம்பியிடம் ட்ரில்லிங் மெஷின், கட்டிங் மெஷின் எல்லாம் இருக்கிறது. காணொளி பார்த்து நாமே செய்துவிடலாம், ஒரு மாதம் போதும் என்கிறான். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். கூலியை மிச்சம் பிடிக்க நாமே இறங்கலாமா?

மார்ச் 2, இரவு

நான் இரண்டு விதமாகவும் செய்தவன். ஒன்பது வருடத்துக்கு முன் பழைய வீட்டில் நானே செய்தேன். நான்கு வருடத்துக்கு முன் இப்போதைய வீட்டில் ஆள் வைத்துச் செய்தேன். இரண்டிலும் தவறு நடந்தது. அதனால் எந்தப் பக்கமும் சாயாமல் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

"நாமா, ஆளா" என்று மொத்தச் சமையலறைக்கும் சேர்த்துக் கேட்டால் பதில் கிடைக்காது. ஒவ்வொரு வேலையாகப் பிரித்து, இது தப்பானால் எப்போது தெரியும் என்று கேளுங்கள். அலமாரிக் கதவு கோணலாகப் பொருந்தினால் அன்றைக்கே தெரியும். கீலைத் தளர்த்தி மறுபடி முடுக்கினால் சரி. சுவருக்குள் போகிற குழாய் இணைப்பு தப்பானால் பல மாதம் கழித்துத்தான் தெரியும். தெரிகிற நேரத்தில் அதன்மேல் பூச்சு, டைல்ஸ், அலமாரி எல்லாம் ஏறியிருக்கும்.

எனக்கு நடந்தது இதுதான். சிங்க்கின் கழிவுக் குழாயை நானே ஒட்டினேன். தண்ணீர் விட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டுக்கூட வரவில்லை. மகிழ்ச்சியாக அலமாரியின் பின்பலகையை அடித்து மூடினேன். எட்டு மாதம் கழித்து ஒரு ஈர வாடை. எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து வீடெல்லாம் தேடினோம். கடைசியில் பின்பலகையைப் பெயர்த்தபோது சுவர் முழங்கால் உயரத்துக்கு ஊறியிருந்தது, அடிப்பலகை கையால் பிய்க்கும் அளவுக்குப் பொதபொதவென்று இருந்தது. குளிர்ந்த தண்ணீருக்குத் தாங்கிய அந்த இணைப்பு, சூடான தண்ணீரைக் கொட்டும்போது மட்டும் இளகிக் கசிந்திருக்கிறது. நான் ஒருமுறைகூடச் சூடான தண்ணீர் விட்டுச் சோதிக்கவில்லை.

ஆகவே என் கணக்கு இது. பழையதைக் கழற்றுவது, பெயின்ட், கதவு, கைப்பிடி, அலமாரி பொருத்துவது, டைல்ஸ் இவற்றை நீங்களும் தம்பியும் செய்யுங்கள். சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் வேலை தெரிந்தவர் கையில் போகட்டும்.

ஒரு மாதம் என்கிறார் தம்பி. நானும் நான்கு வார இறுதி என்றுதான் ஆரம்பித்தேன். பதினொன்று ஆனது.

மார்ச் 3, காலை

எரிவாயுவை எழுத விட்டுவிட்டேன். தூக்கம் வராமல் கிடந்தபோதுதான் உறைத்தது. அடுப்பை நகர்த்தப் போகிறீர்கள் என்றால் வாயுக் குழாயும் நகரும். அதில் கைவைக்கவே வேண்டாம், உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்கள்.

உருளையில் வரும் எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும், அலமாரிக்குள் தேங்கும். குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன், காற்றைவிட லேசு, மேலே ஏறும். அதனால் முதல் வகைக்குத் தரையை ஒட்டியும் இரண்டாம் வகைக்குக் கூரையை ஒட்டியும் காற்று வெளியேற வழி வேண்டும். புது அலமாரி செய்கிறவர்கள் அழகுக்காக இந்தத் துளைகளை மறைத்துவிடுகிறார்கள். யார் செய்தாலும் இதை நீங்கள் நின்று பாருங்கள். வேலை முடிந்ததும் இணைப்பில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்க்க யாரையும் விடாதீர்கள்.

மார்ச் 5

"மின்சாரம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஒரு பிளக் பாயின்ட் கூடுதலாக இழுக்க எலக்ட்ரீஷியன் எதற்கு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோபப்படாமல் பதில் சொல்ல முயல்கிறேன்.

பிளக் பாயின்ட் இழுப்பது கடினமில்லைதான். அது எந்த வயரிலிருந்து கிளைக்கிறது என்பதில்தான் ஆபத்து. சமையலறை அளவுக்கு ஒரே நேரத்தில் மின்சாரம் இழுக்கிற அறை வீட்டில் வேறு இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 230 வோல்ட் வரும் வீட்டில் 2000 வாட் கெட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். பக்கத்தில் 2000 வாட் மின்னடுப்பு இன்னொரு 8.7. மைக்ரோவேவ் 1200 வாட் என்றால் 5.2. மூன்றும் ஒரே வயரில் இருந்தால் 22 ஆம்பியரைத் தாண்டிவிடும். பழைய வீடுகளில் விளக்குக்குப் போட்ட மெல்லிய வயரிலிருந்தே சமையலறைப் பாயின்டை எடுத்திருப்பார்கள். அதில் நாம் இன்னொன்றைக் கிளைத்தால் முதல் நாள் எல்லாம் வேலை செய்யும். வயர் சுவருக்குள் சூடாகிக்கொண்டே இருக்கும், முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு இன்னும் அதிகமாகச் சூடாகும். வெளியே ஒன்றும் தெரியாது.

எம்சிபி, அதாவது மின்சாரம் அளவு மீறினால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச், அடிக்கடி விழுகிறது என்று அதைப் பெரிய அளவுக்கு மாற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அது வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. வயரை மாற்றாமல் அதை மட்டும் பெரிதாக்கினால் காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து போட்டதற்குச் சமம்.

எலக்ட்ரீஷியன் வரும்போது இவற்றைக் கேளுங்கள். அதிகம் இழுக்கும் சாதனங்களுக்குத் தனித்தனி வயர் வேண்டும். எர்த் இணைப்பு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம், ஏனென்றால் சமையலறையில் ஈரக்கையோடுதான் எல்லாவற்றையும் தொடுகிறோம். சிங்க்குக்கு நேர் மேலே பிளக் பாயின்ட் வைக்கவே கூடாது.

அப்புறம், எத்தனை பாயின்ட் வேண்டும், எங்கே வேண்டும் என்பதை முடிவு செய்கிற வேலை உங்களுடையது. அதை அவரிடம் விட்டால் அவருக்கு வயர் இழுக்க எளிதான இடத்தில்தான் வரும். சுவரில் சாக்பீஸால் குறித்து வையுங்கள். குறித்த பிறகு இரண்டு நாள் அந்த அறையில் வேலை பார்த்துவிட்டு மறுபடி பாருங்கள், நிச்சயம் ஒன்றிரண்டு நகரும்.

மார்ச் 8

கேள்வி கேட்டவர் மேடை தாழ்வு, இடுப்பு வலி என்று எழுதியிருந்தார். நாங்கள் எல்லோரும் கூலியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், அதை யாரும் தொடவில்லை. எனக்கு அதுதான் இந்தக் கேள்வியிலேயே பெரிய விஷயமாகப் படுகிறது.

மேடை உயரத்துக்குச் சொல்கிற தொண்ணூறு சென்டிமீட்டர் என்பது யாரோ வைத்த நடுவளவு. உங்கள் உயரம் என்ன என்று அதற்குத் தெரியாது. செருப்பு போட்டு வேலை செய்கிறவர் என்றால் போட்டுக்கொண்டு நேராக நில்லுங்கள், முழங்கையை மடக்குங்கள். தரையிலிருந்து முழங்கைவரை அளந்து, அதிலிருந்து பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் குறைத்தால் நறுக்குகிற இடத்துக்கான உயரம் கிடைக்கும். சிங்க்கின் அடி ஆழமாகப் போவதால் அந்த இடம் கொஞ்சம் உயர்ந்தால் நல்லது. அடுப்பு மேடை கொஞ்சம் தாழ்ந்தால் நல்லது, பாத்திரத்தின் உயரம் கூடச் சேருகிறதே. மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

வீட்டில் வேலை செய்கிறவரின் கால் எத்தனை அடி நடக்கிறது என்று அளந்து சமையலறை அமைத்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, ஆஸ்திரியாவின் கட்டடக் கலைஞர். 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அவ்வளவுதான். ரயிலில் உணவு தயாரிக்கும் பெட்டி எப்படிக் குறுகிய இடத்தில் இயங்குகிறது என்று கவனித்து, ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தைக் கணக்கெடுத்துச் செய்தார். ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகளில் அது போனது. இன்று நாம் மாடுலர் என்று சொல்கிற எல்லாவற்றுக்கும் மூலம் அங்கே இருக்கிறது. அதை வடிவமைக்கும் வரை தான் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். சமைக்காதவர் கவனித்து அளந்தே இவ்வளவு செய்தார் என்றால், தினமும் அங்கே நிற்கிற நீங்கள் அளந்தால் எவ்வளவு செய்யலாம்!

எதையும் இடிக்கும் முன் ஒரு வாரம் ஒரு நோட்டு வையுங்கள். எங்கே முட்டிக்கொள்கிறீர்கள், எதை எடுக்கக் குனிகிறீர்கள், எந்தக் கதவைத் திறந்தால் எது மறைகிறது, எங்கே நிழல் விழுகிறது. சிங்க், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி மூன்றையும் கோட்டால் இணைத்தால் வரும் முக்கோணத்தின் சுற்றளவு நான்கு முதல் எட்டு மீட்டருக்குள் இருக்கட்டும் என்று 1940-களில் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து சொன்னார்கள். இப்படிக் கவனித்து அளக்கிற வேலையைப் பணம் கொடுத்து யாரிடமும் வாங்க முடியாது.

மார்ச் 9

நேற்று எழுதிய முக்கோணத்தில் ஒரு திருத்தம். ஒரே ஆள் வேலை செய்கிற அறைக்குத்தான் அது சரியாக வரும். எங்கள் வீட்டில் நானும் மனைவியும் சேர்ந்து நிற்போம், முக்கோணம் கச்சிதமாக இருந்தும் ஒருவர் முதுகில் ஒருவர் இடித்துக்கொண்டோம். இரண்டு பேர் என்றால் நடுவில் 1.2 மீட்டர் நடைவழி வேண்டும், அதை முதலில் பாருங்கள். ஒரே சுவரில் எல்லாம் இருக்கிற நீள அறையில் முக்கோணமே வராது, அங்கே அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவில் நறுக்க இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மார்ச் 14

முதல் நாள் டைல்ஸை "நீங்களே செய்யலாம்" பட்டியலில் போட்டேன். பன்னிரண்டு நாளாக மனசு உறுத்துகிறது. சொன்னதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அடுப்புக்குப் பின்னால் இருக்கிற சுவர்ப் பட்டை, மேடைக்கு மேல் இரண்டு மூன்று வரிசை என்றால் செய்யுங்கள். எடை குறைவு, யாரும் மிதிக்கப்போவதில்லை, தண்ணீர் தேங்காது. தரை டைல்ஸை மட்டும் கொடுத்துவிடுங்கள். தரையில் ஒரு டைல் ஒரு மில்லிமீட்டர் தூக்கியிருந்தால் ஆயுளுக்கும் கால் இடிக்கும். அடியில் பசை பரவாமல் வெற்றிடம் விட்டிருந்தால், கனமான பாத்திரம் விழுகிற நாளில் அந்த இடம் விரியும். என் பழைய வீட்டுத் தரையில் நாலு இடம் அப்படி விரிந்தது, நாலும் நான் அவசரப்பட்ட கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒட்டியவை.

சுவருக்குச் செய்வதானால், எனக்கு ஒரு வயதான கொத்தனார் கற்றுக்கொடுத்ததைச் சொல்கிறேன். அவர் வேறு வேலைக்கு வந்தவர். நான் ரசமட்டத்தை ஒவ்வொரு டைலிலும் வைத்து வைத்து ஒட்டுவதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கண்ணாடி போல் தெரிகிற ட்யூபில் தண்ணீர் நிரப்பி எடுத்து வந்தார். ஒரு முனையை நான் ஒரு மூலையில் பிடித்தேன், மறுமுனையை அவர் எதிர் மூலையில் பிடித்தார். இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கிற மட்டம் ஒன்றுதான். இடையே எவ்வளவு தூரம் இருந்தாலும், நடுவில் தூண் இருந்தாலும் அந்த மட்டம் மாறாது. காற்றுக் குமிழி மட்டும் இருக்கக்கூடாது. அந்த இரண்டு புள்ளியைச் சேர்த்துச் சுண்ணாம்பு நூல் அடித்தபோதுதான் தெரிந்தது, மூன்று மீட்டர் நீளத்தில் என் மேடையே ஒன்பது மில்லிமீட்டர் சரிந்திருந்தது. மேடையை நம்பி ஒட்டிக்கொண்டு போயிருந்தால் மேல் வரிசை அலமாரியோடு கோணலாகச் சந்தித்திருக்கும்.

மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறியுங்கள், குறுக்கே 5 அடி வந்தால் செங்கோணம். வீட்டுச் சுவர்களில் பெரும்பாலும் வராது. எவ்வளவு விலகுகிறது என்று தெரிந்தால் அந்த வெட்டு டைலைக் கண்ணில் படாத மூலைக்குத் தள்ளிவிடலாம்.

எந்த டைலை எதனால் ஒட்டுவது என்பதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். சாதாரண செராமிக் டைல் தண்ணீரை உறிஞ்சும், அதனால் சிமென்ட் கலவையில் ஒட்டும்போது ஊறவைப்பார்கள். விட்ரிஃபைட் வகை அரை சதவீதம்கூட உறிஞ்சாது. வெறும் சிமென்ட் பால் அதைப் பிடிக்காது, சில வருடத்தில் தட்டினால் கழன்று வரும். அதற்கு டைல் பசைதான். பல்லுள்ள கரணையால் ஒரே திசையில் இழுத்துப் பரப்புங்கள், முதல் டைலை ஒட்டிவிட்டுப் பெயர்த்துப் பாருங்கள், பின்பக்கம் முழுக்கப் பசை பிடித்திருக்க வேண்டும். காய்ந்ததும் நாணயத்தால் ஒவ்வொன்றையும் தட்டுங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பது போல ஓசை வந்தால் அந்த ஒன்றை மறுபடி எடுங்கள். பசை காய ஒரு நாளாவது விட்டுவிட்டுத்தான் கிரவுட், அதாவது டைல்களின் இடைவெளியை அடைக்கும் கலவை.

பத்தில் ஒரு பங்கு கூடுதலாக, ஒரே பேட்ச் எண்ணில் வாங்குங்கள். பிறகு ஒரு பெட்டி குறைந்ததென்று அதே பெயரில் வாங்கினால் நிறம் சேராது.

மார்ச் 15

டைல்ஸை வெட்டுவது பற்றி எழுதிவிட்டுத் தூசியைப் பற்றி எழுதாமல் விட்டால் என்னை மன்னிக்க முடியாது.

கல், டைல், கான்கிரீட் எதை உலர்ந்த நிலையில் வெட்டினாலும் சிலிக்கா தூசி பறக்கும். கண்ணுக்குத் தெரிவது பரவாயில்லை, தெரியாத அளவு நுண்ணியதுதான் நுரையீரலின் அடிவரை போகிறது. போனது திரும்ப வராது. சிலிகோசிஸ் என்கிற அந்த நோய்க்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை. மேடைக்குப் போடும் செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் சிலிக்கா தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டக்கூடும். அதை வெட்டிய இளம் தொழிலாளர்கள் பலர் நோயுற்றதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகையையே தடை செய்தது.

தம்பியிடம் கட்டிங் மெஷின் இருக்கிறது என்றீர்கள். துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அறைக்குள் வைத்து வெட்ட விடாதீர்கள். வெளியே, தண்ணீர் ஊற்றிக்கொண்டே, முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 முகக்கவசத்தோடு வெட்டட்டும். மேடைக் கல்லை வெட்டிக் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள், வீட்டில் வேண்டாம். நீங்கள் வைக்கிற ஆளுக்கும் இது பொருந்தும். அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான், ஒரு கவசம் வாங்கிக் கையில் கொடுங்கள். தினமும் பத்து வீட்டுத் தூசியைச் சுவாசிக்கிறவர் அவர்.

மிகப் பழைய கட்டடமாக இருந்தால் தரைத் தகட்டிலும் கூரைத் தகட்டிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அவற்றைச் சுரண்டும் முன் சோதித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 20

"அப்படியென்றால் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். நிம்மதி வராது. இரண்டாவது சமையலறைக் கதை இதற்குத்தான்.

ஒப்பந்தக்காரர் ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொண்டார். பேச்சு இனிமை, முந்தைய வேலைகளின் படமும் காட்டினார். வாய்ப்பேச்சிலேயே ஒத்துக்கொண்டோம். குழாய்க்காரர் வந்தார், சுவரில் காடி வெட்டினார், குழாய் பதித்தார், பூசினார்கள். மூன்று வாரம் கழித்து அலமாரி மாட்ட வேறொருவர் வந்தார். குழாய் எங்கே போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது, அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். மேல் அலமாரிக்கு ட்ரில் போட்டார், மூன்றாவது ஓட்டையில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் கூடம் வரை வந்துவிட்டது.

யார் குற்றம் என்று மூன்று பேரும் மூன்று நாள் பேசினார்கள். துளைத்தவரைச் சொல்லி என்ன பயன்? அவரிடம் ஒரு படம் இருந்திருந்தால் பத்து சென்டிமீட்டர் தள்ளித் துளைத்திருப்பார். எல்லாம் தனித்தனியே நல்ல வேலைதான். இடையில் இருக்கிற கண்ணி நான், நான்தான் அங்கே இல்லை.

அதிலிருந்து நான் யாருக்கும் சொல்வது: சுவரை மூடும் முன் ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள். வெறும் படம் போதாது. அளவு நாடாவைத் தரையிலிருந்து நிறுத்தி, இன்னொன்றை மூலையிலிருந்து நீட்டி, எண் தெரியும்படி எடுங்கள். அந்தப் படம் அச்செடுத்து அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது எங்கள் வீட்டில். பத்து வருடம் கழித்து வருகிற எவருக்கோ உதவும்.

காகிதத்தில் எழுதுங்கள். "சமையலறை வேலை" என்று ஒற்றை வரியில் எழுதினால் போதாது. பலகையின் வகையும் தடிமனும், கீலும் சேனலும் எந்தக் கம்பெனி, டைல் வாங்குவது யார், பழைய குப்பையை அள்ளிப் போடுவது யார், எந்தத் தேதிக்குள், தப்பானால் எத்தனை மாதம் வரை வந்து சரி செய்வார் என்பது வரை. பணத்தை நாள் கணக்கில் கொடுக்காமல் வேலை முடிகிற கட்டத்துக்குக் கொடுங்கள், கடைசிப் பங்கைத் தண்ணீர் விட்டுப் பார்த்த பிறகு. நல்ல வேலைக்காரர் யாரும் இதற்குக் கோபித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. அவர் செய்த பழைய சமையலறை ஒன்றைப் பார்க்கக் கேளுங்கள், போன மாதம் முடித்ததை விட்டுவிட்டு மூன்று வருடம் ஆனதைப் பாருங்கள். போன உடனே சிங்க்குக்கு அடியில் குனியுங்கள்.

மார்ச் 21

நேற்று எழுதியதைப் படித்த என் மனைவி ஒன்று சேர்க்கச் சொன்னாள். வேலை நடக்கும்போது வீட்டில் இருந்தது அவள். "ஆளுக்குக் கொடுத்தோம் என்றாய், தினமும் எட்டு மணி நேரம் கதவைத் திறந்துவைத்து, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லி, தூசியைத் துடைத்தது யார்?" அது உண்மை. விலைப்பட்டியலில் அந்த உழைப்புக்கு வரியே கிடையாது. நாமே செய்தாலும் ஆள் வைத்தாலும் வீட்டில் ஒருவர் நாள் முழுக்க அதற்கு வேண்டும். அது யார் என்று முதலில் பேசி முடிவு செய்யுங்கள்.

மார்ச் 27

அலமாரி. இதில்தான் தம்பி தைரியமாக இறங்கலாம். தப்பானால் கழற்றலாம்.

பலகையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மரத்தூளை அமுக்கிச் செய்த பார்ட்டிகிள் போர்டு ஒருமுறை தண்ணீர் குடித்து உப்பினால் திரும்பச் சுருங்காது, திருகாணியும் பிடிக்காது. மர நாரை அமுக்கிச் செய்த எம்டிஎஃப் வழவழப்பானது, பெயின்டுக்கு நல்லது, அதற்கும் தண்ணீர் எதிரி. சிங்க்குக்கு அடியில் மட்டுமாவது தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட் போடுங்கள். வெட்டிய ஓரம் எல்லாவற்றையும் பட்டை ஒட்டி மூடுங்கள், கண்ணில் படாத பின் ஓரத்தையும், குழாய்க்குத் துளைத்த ஓட்டையின் விளிம்பையும்கூட. தண்ணீர் பலகையின் முகத்தில் நுழைவதைவிட ஓரத்தில்தான் நுழைகிறது.

மேல் அலமாரி எடையைத் தாங்குவது சுவர். செங்கல், கான்கிரீட் என்றால் பிளக் வைத்துத் திருகாணி போதும். உள்ளே வெற்றான கல்லோ, ஜிப்சம் பலகையோ என்றால் அதற்கென்று இருக்கும் நங்கூரம் வேண்டும். நீளமான இரும்புப் பட்டை ஒன்றைச் சுவரில் அடித்து அலமாரிகளை அதில் மாட்டினால் ஒரே ஆள் மட்டம் பார்க்கலாம், எடையும் பரவும். மேல் அலமாரியை முதலில் மாட்டுங்கள், கீழே இருக்கிறது தடுக்காது.

சுவர் அகலத்தை மேலே, நடுவே, கீழே மூன்று இடத்தில் அளந்து இருப்பதிலேயே சின்னதை எடுங்கள். மிச்சத்தைப் பட்டை வைத்து மூடலாம். பெரிய அளவில் செய்துகொண்டு வந்தால் சுவரைத்தான் செதுக்க வேண்டும்.

இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. உங்கள் கதவு ஏன் உப்பியது? சிங்க்குக்கு அடியில் மட்டும்தானே உப்பியிருக்கிறது என்றீர்கள். மற்ற அலமாரிகள் நன்றாக இருக்கின்றனவா? அப்படியென்றால் அது கசிவு. புதிதாக எல்லாம் போட்டாலும் கசிவு அங்கேயேதான் இருக்கும். இடிக்கும் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் அதைப் பாருங்கள். நான் இதை மார்ச் 2 அன்றே கேட்டிருக்க வேண்டும்.

ஏப்ரல் 4

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். பின்பலகையைப் பெயர்த்துப் பார்த்தார்களாம். நெளிவாக இருக்கும் வளைகுழாய் நடுவில் தொய்ந்து, தண்ணீர் தேங்கி, இணைப்பில் கசிந்திருக்கிறது. மற்ற அலமாரிகள் கல்லாக நிற்கின்றனவாம். மொத்தமாகப் புதுப்பிக்கும் எண்ணத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். படித்ததும் சந்தோஷமாக இருந்தது.

இப்போது வரிசையைக் கேட்கிறார். என் கருத்து: மெயின் வால்வு வேலை செய்கிறதா என்று முதலில் மூடிப் பாருங்கள், பழைய வால்வு பல நேரம் இறுகிப்போய்க் கிடக்கும். நீங்களும் தம்பியும் சிங்க் அலமாரியைக் கழற்றிச் சுவரைக் காய விடுங்கள். மின்விசிறி வைத்தாலும் ஈரம் போக வாரக்கணக்கில் ஆகும், இதில் அவசரம் கூடாது. மேடையை உயர்த்துவதால் குழாயும் பாயின்டும் மாறும், குழாய்க்காரரும் எலக்ட்ரீஷியனும் அப்போது வரட்டும். கழிவுக் குழாய் மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் சரியட்டும், நெளிகுழாய் வேண்டாம், வழுவழுப்பான கெட்டிக் குழாய் போடச் சொல்லுங்கள். சிங்க் அடியில் வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும், சாக்கடை வாடையைத் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். பிறகு படம். பிறகு பூச்சு. அது காய்ந்ததும் மேடைக் கல், அதற்கப்புறம் சுவர் டைல்ஸ், கடைசியில் கதவும் பெயின்டும்.

கல் போடுகிறவர் சிங்க்குக்கு ஓட்டை வெட்டும் முன் சிங்க்கையும் குழாயையும் கையில் வாங்கி வைத்திருங்கள். படத்தில் பார்த்த அளவுக்கு வெட்டிவிட்டால் கல்லை ஒட்ட முடியாது.

இதற்கிடையில் வேறு அறையில் ஒரு மேசை, ஒரு வாளி, ஒற்றை அடுப்பு என்று சின்னதாக ஒரு சமையல் இடம் அமைத்துக்கொள்ளுங்கள். பசியும் களைப்பும் சேர்ந்த நேரத்தில்தான் "இது போதும், மூடிவிடலாம்" என்று சொல்லத் தோன்றும். என் அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அப்படிப்பட்டதுதான்.

ஏப்ரல் 26

மேடை ஏறிவிட்டதாம், 84 சென்டிமீட்டராக இருந்தது இப்போது 93. இடுப்பு பற்றி ஒரு மாதம் கழித்துச் சொல்கிறேன் என்கிறார். டைல்ஸ் தம்பி ஒட்டினார். நாணயத்தால் தட்டி இரண்டை மறுபடி எடுத்தாராம், அந்த இரண்டைப் பற்றிக் கேட்டதில் எனக்கு அவர்மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

பின்பலகையை எப்போது அடிக்கலாம் என்று கேட்டிருக்கிறார். இன்னும் அடிக்காதீர்கள். சிங்க்கை விளிம்பு வரை நிரப்பி ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள், அடுத்தது சூடான தண்ணீரில் அதையே செய்யுங்கள். குழாய் இணைப்புக்கு அடியில் உலர்ந்த செய்தித்தாளை விரித்து வையுங்கள், சொட்டு விழுந்தால் காய்ந்த பிறகும் தாளில் சுருக்கம் தெரியும். இரண்டு வாரம் தினமும் புழங்குங்கள். தாள் அப்படியே இருந்தால் மூடுங்கள், ஆணிக்குப் பதில் நாலு திருகாணி போட்டு.